நான்காம் வரிக்குக் காரணம்

அவளை நாங்கள் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ‘காரணம்’ என்றுதான் கூப்பிடுவோம். “காரணம் குளிச்சிட்டாளா?”, “காரணத்தோட தட்டை யாரு எடுத்தது?” என்று விடுதி முழுக்க அதே பேச்சு. அவளும் கோபித்துக்கொள்ள மாட்டாள். பெயர் வைத்த அன்றைக்கு மட்டும், “இந்தப் பேருக்குக் காரணம் இன்னா?” என்று கேட்டாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவள் சிரிக்காமல், பதில் வரும் என்று நின்றுகொண்டிருந்தாள்.

அப்போது சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். ராயபுரத்தில் பெண்களுக்கான ஓர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி. வீடு அடுத்த தெருவில் இருந்தாலும் விடுதியில்தான் தங்க வேண்டும் என்பது அங்கே சட்டம். எங்கள் அப்பா திருவொற்றியூரில் மளிகைக் கடை வைத்திருந்தார். திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள் நாங்கள். அவள் எண்ணூர்ப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்துப் பெண். கூடத்தில் அவள் பாயும் என் பாயும் அடுத்தடுத்து. இரண்டு வருஷம் அவள் பக்கத்தில் படுத்து எழுந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அவளோடு குடித்தனம் நடத்துவது லேசான காரியமில்லை.

ஒன்றைச் சொன்னால் அதன் வாலிலேயே காரணத்தையும் கட்டித்தான் விடுவாள். “நான் இன்னிக்கு மோர் ஊத்திக்க மாட்டேன். காரணம், ஈ வுழுந்துகீது.” “அந்தப் படியில குந்தாதே. காரணம், இப்பதான் ஆயா தண்ணி ஊத்திச்சு.” நமக்கும் அதே விதிதான். தலைவலி என்று ஒருத்தி சுருண்டு படுத்தால் இவள் போய்த் தலைமாட்டில் உட்கார்ந்து, “காரணம் இன்னா?” என்பாள். தெரியாது என்று சொன்னால் தொலைந்தோம். காலையில் என்ன தின்றாய், வெயிலில் எவ்வளவு நேரம் நின்றாய், தலைக்கு எண்ணெய் வைத்து எத்தனை நாளாயிற்று என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் காரணத்தைக் கையும் களவுமாகப் பிடித்த பிறகுதான் தைலம் வரும். அதற்குள் வலி தானாகவே போயிருக்கும்.

எங்களில் ஒருத்திக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளைக்குப் பெரம்பூர் ரயில்வே பட்டறையில் வேலை. அவர் கடிதம் எழுதினால் அது எங்கள் எல்லாருக்கும் வந்த மாதிரி. வட்டமாக உட்கார்ந்து வாசிப்போம். ஒரு தடவை, ‘உன் நினைவில் மூன்று நாளாக உறக்கமே இல்லை’ என்று எழுதியிருந்தார். நாங்கள் கன்னத்தில் கைவைத்து ஆளாளுக்கு ஒரு பெருமூச்சு விட்டோம். இவள் மட்டும் கடிதத்தை வாங்கி மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தாள்.

“மேல இன்னா எழுதிக்கிறாரு? புது ரூமுக்கு மாறி மூணு நாளாச்சுன்னு. கீய இன்னா எழுதிக்கிறாரு? மூணு நாளா தூக்கம் இல்லேன்னு. நடுவுல நீ எங்கடி வந்தே? ரூம்ல மூட்டப்பூச்சி கீதான்னு கேட்டு எழுது.”

அந்தப் பெண் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. ஆனாலும் உள்ளுக்குள் அரித்திருக்கிறது. பதில் எழுதும்போது கேட்டுவிட்டாள். ஆமாம், கடி தாங்கவில்லை, கட்டிலை வெயிலில் போட்டிருக்கிறேன் என்று பதில் வந்தது.

இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று நான் ஒருநாள் கேட்டேன். கேள்வி அவளுக்குப் பிடித்திருந்தது.

“எங்க நைனா கட்டுமரத்துல நாலு பேரு போவாங்க. ‘காத்து திரும்பப் போவுது, கரைக்கு வுடு’ன்னு எவன் சொன்னாலும், எத்தப் பாத்து சொல்றேன்றதையும் சேத்து சொல்லணும். தண்ணி நெறம் மாறிச்சா, மேகம் கட்டிச்சா, பறவ திரும்பிச்சா. சும்மா எனக்குத் தோணிச்சுன்னு சொன்னான்னு வெச்சிக்கோ, மறுநாளு அவன மரத்துல ஏத்த மாட்டாங்க. காரணம், தோணுறது எல்லாருக்கும் தோணும்.”

அப்படி வளர்ந்தவளிடம் கொண்டுபோய் வடிவக்கணக்கைக் கொடுத்தால் என்ன ஆகும்? தாளின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. இடது பக்கம் கூற்று, வலது பக்கம் காரணம். முதல் வகுப்பில் அந்தக் கோட்டைப் பார்த்தபோது அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. பிறந்த வீட்டு ஆளைப் பார்த்துவிட்டவள் மாதிரி இருந்தாள். “இந்த மாரி ஒண்ணு கீதுன்னு எனக்கு யாரும் சொல்லவே இல்லியே” என்று அன்றைக்கு முழுக்கப் புலம்பினாள்.

நானோ மனப்பாட ஜாதி. இணைகோடுகள் இரண்டை ஒரு கோடு குறுக்கே வெட்டினால் ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்ற தேற்றத்தை ‘அஆ, இஈ இணைகோடுகள், உஊ குறுக்கே வெட்டுகிறது’ என்று ராகம்போட்டுப் படித்து வைத்திருந்தேன். அ ஆ இ ஈ என்று எழுத்து போட்டால் மடமடவென்று நிரூபிப்பேன். கேள்வித்தாளில் க ச ட த என்று மாற்றிவிட்டால் மூச்சு நின்றுவிடும். ஒரு தேர்வில் வலது பக்கத்துக்கு ஒன்றும் கிடைக்காமல், ‘காரணம்: படத்தைப் பார்த்தாலே தெரிகிறது’ என்று எழுதிவைத்தேன். விடைத்தாள் திரும்பி வந்ததும் அவள் வாங்கிப் பார்த்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். இரண்டு நாள் சிரித்தாள். சாப்பிடும்போது நினைவு வந்து புரையேறியது.

“உனக்கு இது கணக்காடி, பாட்டாடி? எல்லா எழுத்தையும் அழி. இப்ப வெரல வெச்சிக் காட்டி சொல்லு. இந்த மூலையும் அந்த மூலையும் சமம். இன்னாத்துக்கு?”

“ஒத்த கோணம்.”

“ஒத்த கோணம்னா எப்பவும் சமமாயிடுமா?”

“கோடு ரெண்டும் இணைங்கதால.”

“அத்த யாரு சொன்னது?”

“கேள்வியிலேயே சொல்லியிருக்குல்லா!”

“ஆங். தரவு. அது நமக்குக் குடுத்தது, அத்த நிரூபிக்க வேணாம். அடுத்து? இந்த மூலையும் அதுக்கு எதிர்ல கீறதும்?”

“குத்தெதிர்க் கோணம். எப்பவும் சமம்.”

“அப்ப ஒண்ணுக்கே ரெண்டு பேரும் சமம்னா?”

“ரெண்டு பேரும் தங்களுக்குள்ள சமம்.”

“அவ்ளோதாண்டி. இதுக்கா இம்மாம் பாட்டு பாடிக்கினு இருந்தே?”

எழுத்தே இல்லாமல் ஒரு தேற்றம் என் கைக்குள் வந்தது அன்றுதான். இடது பக்கத்தை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம் என்பாள் அவள். வலது பக்கம் காலியாக இருந்தால் அந்த வரியே இல்லை என்று அர்த்தம்.

அவள் படிக்க வந்ததே அப்படி வாதாடித்தான். குப்பத்துப் பஞ்சாயத்தார் ஒப்புக்கொள்ளவில்லை. பொம்பளப் பிள்ளை பட்டணத்தில் தங்கிப் படித்து என்ன கிழிக்கப் போகிறது என்று கேட்டிருக்கிறார்கள். இவள் அவர்கள் முன்னால் நின்று காரணங்களை அடுக்கினாளாம். அதில் ஒன்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முந்தின மழைக்காலத்தில், கடலுக்குப் போகாதீர்கள் என்று ஓர் அறிவிப்பைக் கரையில் ஒட்டியிருந்தார்கள். குப்பத்தில் படிக்கத் தெரிந்தவர்கள் ஒருவரும் இல்லை. மூன்று பேர் வெற்றிலைக்குத் தடவிய சுண்ணாம்பு விரலை அந்தத் தாளில் துடைத்துவிட்டுக் கட்டுமரம் ஏறிப் போயிருக்கிறார்கள். மூன்றாம் நாள் பழவேற்காட்டில் கரை ஒதுங்கி, தாடியும் மீசையுமாக நடந்தே திரும்பினார்கள். அந்த மூன்று பேரில் ஒருவர் பஞ்சாயத்திலேயே உட்கார்ந்திருந்தார். அனுப்பச் சம்மதித்துவிட்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். இவள் கெட்ட பெயர் எடுத்துத் திரும்பினால் இனி எந்தப் பெண்ணும் குப்பத்தைத் தாண்டக் கூடாது. இவளுக்குப் பின்னால் இரண்டு பெண்கள் எட்டாவது முடித்துவிட்டுக் காத்திருந்தார்கள். அவர்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் இவள் குரல் தணிந்துவிடும்.

இனி என் யோக்கியதையைச் சொல்ல வேண்டும்.

விடுதியை நடத்தியவரைப் பெரிய டீச்சர் என்போம். கும்பகோணத்துக்காரர். நல்லவர்தான். ஆனால் மூக்கு மட்டும் மிகவும் பொல்லாதது. முறுக்கு, சீடை தவிர வெளியிலிருந்து எதுவும் வரக் கூடாது, கருவாடு வந்தால் அன்றே பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்பது அவர் சட்டம். எனக்கோ கருவாடு இல்லாமல் சோறு இறங்காது. எங்கள் அத்தை வஞ்சிரக் கருவாட்டுத் துண்டுகளை எண்ணெயில் முறுகலாகப் பொரித்து, ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, மேலே முறுக்கை அடுக்கிக் கொடுத்தனுப்புவாள். பக்கத்துப் பாய்க்காரிக்கு அது தெரியாமல் இருக்குமா? நான் ஒரு துண்டை நீட்டினால் வேண்டாம் என்பாள். “எங்க வூட்ல மீனு விக்காம மிஞ்சினாதான் கருவாடு. எனக்கு அது மேல ஆச இல்ல” என்றாள். விடுதியில் கருவாட்டுக்குச் செத்தவள் மளிகைக்கடைக்காரர் மகள்; அதைத் திரும்பிக்கூடப் பார்க்காதவள் குப்பத்துப் பெண்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாரும் கடற்கரைக்குக் கிளம்பினார்கள். எனக்கு வயிற்று வலி என்றேன்.

“காரணம்?” என்றாள் அவள்.

“மோரு” என்றேன். ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

ஆள் நடமாட்டம் அடங்கியதும் ஒரு தட்டில் சோறும் டப்பாவுமாகச் சாமான் அறைக்குள் போய் உட்கார்ந்தேன். கரும்பலகை, உலகப் படங்கள், மரத்தால் செய்த பெரிய மூலைமட்டம் எல்லாம் இருக்கிற அறை. இரண்டு வாய் தின்றிருப்பேன். விடுதியைச் சுற்றி ஒரு சாம்பல் பூனை திரியும். அது ஜன்னல் வழியாகக் குதித்து, டப்பாவுக்குள் தலையை விட்டு, இருப்பதில் பெரிய துண்டாகக் கவ்விக்கொண்டது. எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு ஆவேசம் வந்ததோ, கைக்கு எட்டியதை எடுத்து வீசினேன். எட்டியது மூலைமட்டம். பூனை துண்டோடு போய்விட்டது. மூலைமட்டம் சுவரில் மோதிக் கீழே விழுந்தது.

மூன்று சட்டங்களை மூலைக்கு மூலை இணைத்துச் செய்த மூலைமட்டம் அது. செங்கோணம் இருக்கிற மூலையில் இணைப்பு விட்டுப்போயிருந்தது.  தட்டில் மிச்சமிருந்த சோற்றைப் பசை மாதிரிப் பிசைந்து, விரிசலில் அப்பி, அழுத்திப் பிடித்துக்கொண்டு இருநூறு வரை எண்ணினேன். பார்வைக்குச் சரியாக ஒட்டிக்கொண்டது. அதை ஆணியில் மாட்டிவிட்டு, தட்டைக் கழுவிவிட்டு, வயிற்று வலிக்காரி மாதிரி போய்ப் படுத்துக்கொண்டேன். கையெல்லாம் கருவாட்டு எண்ணெய் என்பது அப்போது உறைக்கவே இல்லை.

புதன்கிழமை விமரிசனப் பாடம். எங்களில் ஒருத்தி பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த வேண்டும், மற்றவர்களும் பெரிய டீச்சரும் பின்னால் உட்கார்ந்து குறை எழுத வேண்டும். அன்றைக்கு நடத்த வேண்டியவள் அவள். பாடம், இணைகோடுகள். சாமான் அறையிலிருந்து அவள் அந்த மூலைமட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்தபோது எனக்கு நிஜமாகவே வயிற்றை வலித்தது.

முதல் கோட்டைப் போட்டாள். அடிமட்டத்தை ஒட்டி மூலைமட்டத்தை நகர்த்தி, ஒட்டிய மூலை விலகுகிற அளவுக்கு அழுத்திப் பிடித்து இரண்டாவது கோட்டைப் போட்டாள். குறுக்கே ஒன்று வெட்டினாள். ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு ஒன்றுவிட்ட கோணங்களை அளந்து சொல்லச் சொன்னாள். அது கோணமானியை வைத்துப் பார்த்துவிட்டு, “இது அறுபது, அது அம்பத்திநாலு டீச்சர்!” என்று கத்தியது. வகுப்பே கொல்லென்று சிரித்தது. பெரிய டீச்சர் நோட்டில் ஏதோ எழுதினார்.

நானாக இருந்தால் அங்கேயே அழுதிருப்பேன். அவள் படத்தைப் பார்த்தாள், மூலைமட்டத்தைப் பார்த்தாள். பாடத்துக்கென்று வைத்திருந்த புத்தகத் தமிழில் நிதானமாகச் சொன்னாள்: “இந்தக் கோடுகள் இணைகோடுகள் அல்ல. காரணம், ஒன்றுவிட்ட கோணங்கள் சமமாக இல்லை. ஆகவே என் கருவியில் பிழை இருக்கிறது.”

பிறகு மூலைமட்டத்தைக் கீழே வைத்துவிட்டு வெறுங்கையால் இரண்டு கோடு இழுத்தாள். இரண்டும் கோணல்மாணலாக இருந்தன. “இவை இணைகோடுகள் என்று தரப்பட்டிருக்கிறது. படம் எப்படி இருந்தால் என்ன? நாம் படத்தை நம்பப் போவதில்லை” என்று சொல்லி, தேற்றத்தை ஒவ்வொரு படியாகப் பிள்ளைகள் வாயாலேயே நிரூபிக்க வைத்தாள். அப்படி ஒரு பாடத்தை நான் அதற்கப்புறமும் பார்த்ததில்லை. பெரிய டீச்சரே எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

முடிந்து எல்லாரும் எழுந்தபோதுதான் முன்வரிசைப் பிள்ளை ஒன்று, “டீச்சர், மூலமட்டத்துல எறும்பு!” என்றது. பார்த்தால் சாரிசாரியாக ஏறிக்கொண்டிருக்கிறது. பெரிய டீச்சர் அதை எடுத்து உதறினார். சோற்றுப்பசை பிய்ந்து மூலை வாயைப் பிளந்தது. மூக்கருகில் கொண்டுபோனவர் சட்டென்று கையை நீட்டிப் பிடித்துக்கொண்டார்.

“மீன்” என்றார்.

அன்று சாயங்காலம் சாப்பாட்டுக் கூடத்தில் விசாரணை. எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்தார். “பள்ளிச் சாமானை உடைத்து, மறைத்து வைத்திருக்கிறார்கள். இதில் மீன் வாசனை அடிக்கிறது. இந்த விடுதியில் மீனவர் வீட்டுப் பெண் ஒருத்திதான் இருக்கிறாள். நான் இனி யாரைக் கேட்க வேண்டும்?” என்று அவளைப் பார்த்தார். “உண்மையை ஒப்புக்கொண்டால் வீட்டுக்கு அனுப்புவதோடு விடுகிறேன். இல்லையென்றால் நடத்தைச் சான்றிதழில் எழுதித்தான் அனுப்புவேன்.”

எனக்கு அவள் குப்பத்துப் பஞ்சாயத்து கண் முன்னால் வந்தது. காத்திருக்கிற இரண்டு பெண்களும் வந்தார்கள். நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

அவள், “பலகைல எழுதலாமா டீச்சர்?” என்று கேட்டாள். கூடத்துச் சுவரில் சாப்பாட்டு முறை எழுதுகிற சின்னப் பலகை ஒன்று உண்டு. அதை அழித்துவிட்டு எழுதினாள். ‘தேற்றம்: மீனவர் வீட்டுப் பெண் தொட்டால் பொருளில் மீன் வாசனை வரும்.’

“மொதல்ல இதுவே தப்பு டீச்சர். நான் வூட்டுக்குப் போயி ரெண்டு மாசம் ஆவுது. என் கைய மோந்து பாருங்க.” கையை நீட்டினாள். பெரிய டீச்சர் நகரவில்லை. “போவட்டும், சரின்னே வெச்சிக்குவோம். ஆனா நீங்க சொல்றது இது இல்ல. இதோட மறுதலை.” அதற்குக் கீழே எழுதினாள்: ‘பொருளில் மீன் வாசனை வந்தால் மீனவர் வீட்டுப் பெண் தொட்டிருக்கிறாள்.’

“மறுதலையைத் தனியா நிரூபிக்கணும்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க? குத்தெதிர்க் கோணம்லாம் சமம். அதுக்காண்டி சமமாக் கீற கோணம்லாம் குத்தெதிர்க் கோணம் ஆயிடுமா டீச்சர்?”

 பெரிய டீச்சர் அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் கணக்கு டீச்சர். எழுதியதில் எங்கே பிழை பிடிப்பது?

“அப்படியானால் உடைத்தது யார்?” என்றார் கடைசியில்.

சொல்லிவைத்த மாதிரி அந்த நேரம் பார்த்துச் சாம்பல் பூனை வாசலில் வந்து நின்றது. உள்ளே எட்டிப் பார்த்தது. வரிசையில் என்னைக் கண்டதும் வாலைத் தூக்கிக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடியது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள். பூனை போன வழியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு பெரிய டீச்சர் பக்கம் திரும்பினாள்.

“அது கேட்ட கணக்கு இல்ல டீச்சர்” என்றாள்.

வீட்டுக்கு அனுப்பும் பேச்சு அத்தோடு நின்றது. ஆனால், உண்மை தெரியும்வரை அவளுடைய நடத்தைச் சான்றிதழைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்வதற்கில்லை என்று பெரிய டீச்சர் சொல்லிவிட்டார். பரீட்சைக்கு ஒரு மாதம் இருந்தது.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்தத் தடவை கருவாட்டுக்காக இல்லை. மூன்றாம் நாள் துவைக்கிற கல்லடியில் அவள் தனியாக இருந்தபோது போய் நின்றேன்.

“நான்தான் உடைச்சேன்” என்றேன்.

அவள் சேலையைப் பிழிந்துகொண்டே, “பூனை மேல எறிஞ்சியா?” என்றாள்.

“ஒனக்கு அன்னைக்கே தெரியுமா?”

“தோணிச்சு. தோணுறது காரணம் ஆவாது. பூன ஓடுச்சுன்னா நீதான்னு எப்பிடி சொல்றது? நான் பலகைல எழுதினத நானே மீறுற மாரி ஆயிடாது?” சேலையை உதறினாள். “இப்ப நீயே சொல்லிட்டே. இப்பதான் எனக்குத் தெரியும். இது தரவு.”

“பெரிய டீச்சர்கிட்ட சொல்லப் போறியா?”

அவள் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து, துறைமுகத்துக் கரித்தூள் படாத கொடியாகத் தேர்ந்தெடுத்து, சேலையை விரித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அந்த ஒரு மாதம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவள் பெரிய டீச்சர் அறைப் பக்கம் நடந்தால் நானும் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு பின்னாலேயே போவேன். இப்போது அவளிடம் நிரூபணம் இருந்தது. ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அவள் பெயர் சுத்தமாகிவிடும். நான் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். எங்கள் அப்பா என்னைப் படிக்க அனுப்பியதே அரைமனசோடு. திரும்பி வந்தால் அடுத்த முகூர்த்தத்தில் மாலை கழுத்தில் விழும். அவள் சொல்லவில்லை. அவள் பாட்டுக்கு எப்போதும்போல மோரில் விழுந்த ஈக்கும் மற்றவர்கள் தலைவலிக்கும் காரணம் கேட்டுக்கொண்டிருந்தாள். நானே போய்ச் சொல்லியிருக்கலாம். தினமும் காலையில் சொல்லிவிடுவது என்று எழுந்திருப்பேன், சாயங்காலம் நாளைக்குச் சொல்லலாம் என்று படுப்பேன்.

கடைசி நாள் சான்றிதழ் கொடுத்தார்கள். எல்லாருக்கும் ‘நடத்தை: மிக நன்று’. எனக்கும் அதேதான், அழகான கையெழுத்தில். அவளுக்கு மட்டும் ‘திருப்தி’.

அதைக் குப்பத்தில் எப்படிக் காட்டினாள் என்பது எனக்குப் பிற்பாடு தெரியவந்தது. பஞ்சாயத்தார் யாருக்கும் படிக்கத் தெரியாது. ‘மிக நன்று’ என்று வாசித்திருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? இவளா அப்படிச் செய்வாள்? விரலை வைத்து, “நடத்தை, திருப்தி” என்று உள்ளதை உள்ளபடி வாசித்திருக்கிறாள். பழவேற்காட்டிலிருந்து நடந்து வந்தாரே, அந்தப் பெரியவர், “திருப்தியா! அந்த டீச்சரம்மாவுக்கே திருப்தின்னா இன்னும் இன்னாய்யா வோணும்?” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டாராம். மறு வருஷம் அந்த இரண்டு பெண்களும் ராயபுரத்தில் பாய் விரித்தார்கள். எனக்கு இதைச் சொன்னது அவர்களில் ஒருத்திதான். கேட்டுவிட்டுச் சிரித்தேன். அப்புறம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

பிரிகிற அன்றைக்கு எல்லாரும் ஆட்டோகிராப் நோட்டுகளை மாற்றிக்கொண்டோம். ‘மறவாதே’, ‘வாழ்க பல்லாண்டு’ என்று ஆளாளுக்கு எழுதினார்கள். அவள் என் நோட்டை வாங்கிக்கொண்டுபோய் மூலையில் உட்கார்ந்து வெகுநேரம் எழுதிக்கொண்டிருந்தாள். மூடித்தான் கொடுத்தாள். திருவொற்றியூர் போய்ச் சேர்ந்த பிறகு பிரித்தேன். பக்கத்தின் நடுவே அடிமட்டம் வைத்து இழுத்த கோடு. இடது பக்கம் கூற்று, வலது பக்கம் காரணம்.

1. பூனை வந்தது. காரணம்: கருவாடு.

2. மூலைமட்டம் பறந்தது. காரணம்: பூனை.

3. மூலை உடைந்தது. காரணம்: குறி தப்பியது.

4. தெரிந்த பிறகும் நான் சொல்லவில்லை. காரணம்:

அவ்வளவுதான். அதற்குப் பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. பென்சில் முனையை வைத்து வைத்து எடுத்ததில் சின்னச் சின்னப் புள்ளிகள் மட்டும் இருந்தன.

அப்புறம் நான் முப்பத்தைந்து வருஷம் வடிவக்கணக்கு நடத்தினேன். காரணம் எழுதாத வரிக்கு அரை மதிப்பெண் குறைப்பேன், அழுதாலும் கொடுக்க மாட்டேன். அந்த நாலாவது வரிக்கு என்ன எழுதலாம் என்று எத்தனையோ தடவை பென்சிலை எடுத்திருக்கிறேன். சிநேகம் என்று எழுதலாமா? இரக்கமா? அவள் பக்கத்தில் இருந்தால், “அத்த யாரு சொன்னது?” என்று கேட்பாள்.  அதனால் அதை அப்படியே விட்டுவிட்டு, ஓய்வு பெற்ற அன்றைக்கு அதற்குக் கீழே என் கையெழுத்தில் இன்னொரு வரி சேர்த்தேன்.

5. நானும் சொல்லவில்லை. காரணம்: பயம்.

அந்தக் காரணத்தை எழுத எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.